இறங்கு பாட்டு

சர்க்கஸில் டிரம்பெட் வாசிக்கிறேன் என்று சொன்னால் பெங்களூரில் எல்லோரும் முதலில் கேட்பது சிங்கத்தைப் பற்றித்தான். சிங்கம் இல்லை, புலி இல்லை, யானையும் இல்லை, அதையெல்லாம் சட்டம் போட்டு நிறுத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டது என்று பொறுமையாகச் சொல்வேன். "அப்புறம் இன்னாய்யா சர்க்கஸ்?" என்று அடுத்த கேள்வி வரும். அங்கேதான் எனக்குக் கோபம் வரும். சிங்கம் செய்த வேலை என்ன? ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து கொட்டாவி விட்டது. அதற்குக் கைதட்டினீர்கள். ஒரு மனுஷி தென்னை மர உயரத்தில், பிடித்திருந்த கம்பியை விட்டுவிட்டு, இன்னொரு ஆளின் கையை நம்பி வெறும் காற்றில் வருகிறாள். அதைப் பார்க்கும்போதும் உங்களுக்குச் சிங்கம் ஞாபகம் வருகிறதென்றால் கோளாறு உங்கள் கண்ணில்தான் இருக்கிறது.

அந்த மனுஷி என் மனைவி. அதனால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கோபம் வரும்.

எனக்குப் பூர்வீகம் கோலார் தங்கவயல். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். மேலே வந்து குளித்துவிட்டால் சர்ச் பேண்டில் டிரம்பெட் ஊதுவார். அந்த டிரம்பெட்தான் எனக்கு வந்தது. தங்கவயல்காரர்கள் எல்லோரும் காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்த நாட்களில் நானும் வந்தேன். சிவாஜிநகர் பக்கம் ஒரு கல்யாண பேண்டில் சேர்ந்து, குதிரைமேல் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருக்கும் மாப்பிள்ளைகளுக்கு முன்னால் ஊதிக்கொண்டே நடந்தேன். அப்போது ஊருக்குள் வந்திருந்த ஒரு சர்க்கஸில் டிரம்பெட்காரர் பைக்கிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டார். முன்பல் இல்லாமல் டிரம்பெட்டில் வெறும் காற்றைத்தான் ஊத முடியும். அவர் பல் கட்டிக்கொண்டு வரும்வரை போய் வா என்று என்னை அனுப்பினார்கள். அவர் பல் கட்டிக்கொண்டு சொந்த ஊரில் பேக்கரி வைத்துவிட்டார். நான் இன்னும் திரும்பிப் போகவில்லை.

முதல் நாள் பேண்ட் மேடையில் ஏறி உட்கார்ந்தேன். ஆட்டக்காரர்கள் உள்ளே நுழைகிற திரைக்கு நேர் மேலே, பலகை போட்டுக் கட்டிய பரண் மாதிரி இருக்கும் அது. கூட்டம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பதை நாங்கள் ஏறக்குறைய நேருக்கு நேர் பார்ப்போம். பார் விளையாட்டு ஆரம்பித்தது. ஒரு பெண் கயிற்று ஏணியில் ஏறி, உச்சியில் ஒரு சின்னப் பலகைமேல் நின்று, கையில் வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டாள். ஊசலாடும் கம்பியைப் பிடித்தாள், போனாள், வந்தாள், மறுபடி போனாள். அப்புறம் கம்பியை விட்டாள். உடம்பு சுருண்டு ஒரு சுற்று சுற்றி, மலர்ந்து, எதிரே பிடிப்பதற்காகத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த கேட்சரின் கைக்கு வந்து சேர்ந்தது. இவ்வளவும் நான் ஒரு மூச்சு இழுப்பதற்குள். இழுத்த மூச்சை ஊத வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. சர்ச்சில் எத்தனையோ தேவதூதர் படங்கள் பார்த்து வளர்ந்தவன் நான். எல்லாருக்கும் சிறகு இருக்கும். சிறகு இருந்தால் பறப்பதில் என்ன அதிசயம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

அவள் பிறந்ததே ஏதோ ஒரு சர்க்கஸ் கூடாரத்தில். எந்த ஊர் என்று அவள் அம்மாவுக்கே நிச்சயமாகத் தெரியாது. மற்றவர்களோடு சர்க்கஸ் ஹிந்தி பேசுவாள். தமிழை என்னிடம்தான் கற்றாள். சுத்தமான தங்கவயல் தமிழ், "யோவ்" வரைக்கும் பாக்கி வைக்காமல் கற்றுக்கொண்டாள். எங்கள் கல்யாணம் நிச்சயமானதும் பெங்களூர் ஈஜிபுராவில் இருக்கும் என் தங்கை, "கரணம் தப்பினா மரணம்னு சொல்வாங்களே அண்ணே, நீ போயி அதையே கட்டிக்கிறியே" என்று அழுதாள். அதை இவளிடம் சொன்னேன். இவள் சிரிக்கவேயில்லை. "யாரு சொன்னது? கரணம் தப்பினா வலை" என்றாள், தகவல் திருத்துகிறவள் போல.

சர்க்கஸ் பேண்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும். இப்போது நாங்கள் ஐந்து பேர். டிரம்பெட், சாக்ஸபோன், கீபோர்டு, டிரம்ஸ், பேஸ் கிட்டார். டிரம்பெட்காரன்தான் பேண்ட் மாஸ்டர், அதாவது நான். ஜோக்கர் ஆட்டத்துக்கும் வளைய நடனத்துக்கும் பென்டிரைவில் பாட்டு ஓடும், நாங்கள் டீ குடிப்போம். பார் விளையாட்டுக்கு மட்டும் பென்டிரைவ் உதவாது. கம்பி ஒருநாள் போல் ஒருநாள் ஆடாது. காற்று அடித்தால் ஒரு மாதிரி, கூட்டம் நிறைந்து கூடாரம் சூடேறினால் ஒரு மாதிரி. மேலே நிற்பவர் தயாராகும்வரை டிரம்ஸ் உருண்டுகொண்டே இருக்க வேண்டும். கம்பியை விட்ட கணம் நின்றுவிட வேண்டும். காற்றில் இருக்கும்போது ஒரு சத்தம் கூடாது. கையும் கையும் சேர்ந்ததும் எல்லோரும் ஒன்றாக அடிக்க வேண்டும். சேருவதற்கு முன்னால் அடித்துவிட்டால் அதைவிட அபசகுனம் கிடையாது.

இது தவிர ஒரு பாட்டு உண்டு. இறங்கு பாட்டு என்போம். டிரம்பெட் மட்டும் தனியாக ஊதும் ஒரு சின்ன மார்ச். அது கேட்டால் மேலே இருப்பவர் யாரானாலும், என்ன செய்துகொண்டிருந்தாலும், விட்டுவிட்டுக் கீழே இறங்கியாக வேண்டும். முதலாளியின் மகனே ஏறியிருந்தாலும் அதுதான் சட்டம். மேலே நிற்பவருக்குத் தன் கையும் கம்பியும்தான் தெரியும். வலைக் கயிறு அவிழ்ந்திருப்பதோ கூடாரத் துணி காற்றில் உப்புவதோ எங்களுக்குத்தான் தெரியும். அதனால் அந்த அதிகாரத்தை எந்தக் காலத்திலோ பேண்ட் மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டார்கள். ஏன் ஊதினாய் என்று பிறகு யாரும் கேட்கவும் கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது எங்கள் வீட்டு ரகசியம். பார் விளையாட்டில் பெரிய கரணத்தை முதல் தடவை பெரும்பாலும் வேண்டுமென்றே தவற விடுவார்கள். கை கையை உரசிக்கொண்டு நழுவும், வலையில் விழுவார்கள், கூட்டம் "ஐயோ" என்னும். டிரம்பெட் ஒரு அழுமூஞ்சி இழுப்பு இழுக்கும், கீழே ஜோக்கரும் பின்பக்கம் தட்டிக்கொண்டு விழுவான். பிறகு மறுபடி ஏறி இரண்டாம் தடவை பிடித்துக் காட்டினால் கைதட்டல் கூரையைப் பிய்க்கும். சுலபமாகச் செய்து காட்டினால் ஜனங்களுக்கு அது சுலபமாகவே தெரிந்து தொலைக்கிறது, என்ன செய்வது? பொய்யாக விழுவதில் என் மனைவிக்கு ஈடு கிடையாது.

அப்படிப் பொய்யாக விழுந்தபோதுதான் நிஜமாக அடிபட்டாள். போன மழைக்காலம், வேறொரு ஊர். கூடாரம் ஒழுகி இரவெல்லாம் நனைந்த வலை ஒரு பக்கம் தொய்ந்திருந்தது. எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. விழுந்தவளை வலை ஒரு பக்கமாகத் தூக்கி எறிந்தது. வலது கை உடம்புக்கு அடியில் மாட்டி, தோள் கழன்றுவிட்டது. அன்றைக்கு நான் அந்த அழுமூஞ்சி இழுப்பை இழுத்துக்கொண்டிருந்தேன். கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது.

தோளை ஏற்றிக் கட்டிய பிறகு ஈஜிபுராவில் தங்கை வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தோம். சர்க்கஸ் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. நான் கிடைத்த கல்யாணங்களில் ஊதினேன். பிசியோதெரபி டாக்டர் தோள் கூடிவிட்டது என்றார். அதை நம்பாதவள் இவள் ஒருத்திதான். பஸ்ஸில் போனால் உட்கார மாட்டாள். மேல் கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டு, கால் தரையில் பட்டும் படாமலும் தொங்கிக்கொண்டே வருவாள். கண்டக்டரம்மா, "கூத்கொள்ளி மா, சீட் காலி இதே" என்று உட்காரச் சொல்லிக் கன்னடத்தில் கெஞ்சிப் பார்த்தார். "பேடா அக்கா" என்று மறுத்துவிட்டு இவள் அடுத்த கம்பிக்குத் தாவினாள்.

ஒருநாள் முதலாளியிடமிருந்து போன் வந்தது. சர்க்கஸ் பெங்களூருக்கு வருகிறது, ஓசூர் ரோட்டில் அத்திபெலேக்குக் கொஞ்சம் முன்னால் இடம் பிடித்திருக்கிறோம் என்றார். அவள் அங்கே ஏறட்டும், பெரிய கரணத்தை முன்போல் செய்துவிட்டால் அவள் இடம் அவளுக்கே. முடியாவிட்டால் புதிதாக வந்திருக்கும் பெண் மேலே போவாள், இவளுக்குக் கீழே வேலை இருக்கும். கீழே வேலை என்றால் மின்னுகிற உடுப்பைப் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் ஆடி முடித்ததும் அவர்கள் பக்கம் கையைக் காட்டிச் சிரிப்பது. முதலாளி கெட்டவர் இல்லை. பாதிச் சம்பளத்தை நிறுத்தாமல் அனுப்பியவர். ஆனாலும் அந்த போனை வைத்துவிட்டு இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நானும் அன்றைக்கு டிரம்பெட்டைத் தொடவில்லை.

அதற்காக என் பக்கத்தை மறைக்கவும் மாட்டேன். அவள் கீழே நின்று கையைக் காட்டினால் போதும் என்றுதான் எனக்கு இருந்தது. சொல்லியும் பார்த்தேன்.

"போதும்மே. கீழ இருந்தா இன்னா கொறஞ்சி போச்சி?"

"உன் டிரம்பெட்ட புடுங்கி வெச்சிட்டு, கீழ நின்னு தலையாட்டு போதும்னு சொன்னா ஆட்டுவியா?"

அவளே தொடர்ந்தாள்.

"ரெண்டு விஷயம் சொல்றேன், கேட்டுக்கோ. அன்னிக்கி பொய் விழறதெல்லாம் கெடையாது. எடுத்ததும் புடிச்சிடுவோம், கேட்சர்கிட்ட சொல்லிட்டேன். இன்னொண்ணு, தோளு போச்சின்னா நானே கையைக் காட்டுறேன். நீயா பயந்துனு ஊதாத. நீ ஊதினா நான் எறங்கித்தான் ஆவணும். எறங்கினா அப்புறம் ஏற வுடமாட்டாங்க."

"சரி" என்று நான் சொல்லவில்லை. அதை அவள் கவனிக்காமல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி ஷோ. கூடாரத்துக்கு இரண்டு பக்கமும் அடுக்குமாடி வீடுகள். பால்கனியில் துணி காயப்போட்டவர்கள் எங்கள் கொடியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சர்ச் முடிந்து தங்கை குடும்பத்தோடு வந்து காலரியில் நடுவாக இடம் பிடித்திருந்தாள். பொய்யாக விழும் ரகசியத்தை நான்தான் எப்போதோ அவளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். அன்றைக்கு அது கிடையாது என்று சொல்லத் தோன்றவில்லை.

பார் விளையாட்டுக்கு விளக்குகள் மேலே திரும்பின. அவள் ஏணியில் ஏறினாள். சின்னச் சின்னப் பறத்தல்கள் முதலில். கம்பியைப் பிடித்துப் போய், கேட்சர் கைக்கு மாறி, திரும்பி வந்தாள். தோள் தாங்கியது. பத்து வயது குறைந்தவள் போல் இருந்தாள். எனக்குப் பயம் போய் முதல் நாள் வந்த அதே வாயடைப்பு வந்தது. கூடவே வாழ்கிறேன், அவள் துணியைத் துவைத்திருக்கிறேன், அவள் குறட்டை கேட்டிருக்கிறேன், இருந்தும் மேலே போய்விட்டால் அவள் எனக்குத் தெரிந்தவள் இல்லை.

அப்புறம் பெரிய கரணம். டிரம்ஸ் உருண்டது. அவள் பொடியைத் தேய்த்தாள், கம்பியைப் பிடித்தாள், போனாள், வந்தாள், மறுபடி போனாள், விட்டாள். டிரம்ஸ் நின்றது. சுருண்டாள், சுற்றினாள், மலர்ந்தாள். கை கேட்சரின் விரல் நுனியைத் தொட்டுவிட்டு நழுவியது.

பொய்யாக விழும்போது அவள் விரல்கள் தளர்ந்து மடங்கியிருக்கும். வேலை முடிந்துவிட்டது என்று விரல்களுக்குத் தெரியும். இந்தத் தடவை அவை விரிந்து, இல்லாத கையைத் தேடிக் காற்றைப் பிறாண்டிக்கொண்டே வலை வரைக்கும் வந்தன. நான் பார்த்தேன். நிஜம் என்று தெரிந்துவிட்டது.

இருந்தும் அழுமூஞ்சி இழுப்பை இழுத்தேன். எங்கள் பிழைப்பு அது. ஜோக்கர் பின்பக்கம் தட்டிக்கொண்டு விழுந்தான். கூட்டம் உச்சுக்கொட்டியது. தங்கை மட்டும் ரகசியம் தெரிந்தவளாக, பக்கத்திலிருந்தவர்களிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக் கைதட்டினாள்.

அவள் வலையில் மல்லாந்து கிடந்தாள். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு எழுந்து, வலையின் ஓரத்துக்குத் தத்தித் தத்தி வந்து, கயிற்றைப் பிடித்துக் கீழே குதித்தாள். அப்படியே திரைக்குள் போய்விடுவாள் என்று நினைத்தேன், கர்த்தருக்கு ஸ்தோத்திரமும் சொல்லத் தயாரானேன். அவள் நேராக ஏணிக்குப் போனாள். ஏறினாள். இடது கைக்கே அதிக வேலை கொடுத்து ஏறுவதை யாராவது கவனித்தார்களா தெரியாது, நான் கவனித்தேன்.

எதிர்ப் பக்கம் கம்பிமேல் உட்கார்ந்திருந்த கேட்சர் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார். வேண்டாம், இறக்கிவிடு என்று அர்த்தம். கீழே திரையை விலக்கிக்கொண்டு மேனேஜர் வந்து நின்றார். அவரும் என்னைத்தான் பார்த்தார். இரண்டு கையையும் விரித்தார். உன் இஷ்டம் என்று அர்த்தம். டிரம்ஸ்காரர் உருட்டாமல் குச்சியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

டிரம்பெட்டை உதட்டில் வைத்தேன். அந்த மார்ச்சை ஊத எவ்வளவு நேரம் ஆகும்? அவள் இறங்கிவிடுவாள். தோள் தப்பிக்கும், கழுத்து தப்பிக்கும். நாளையிலிருந்து நான் நிம்மதியாக வாசிப்பேன். ஒருத்தரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், அவளும் கேட்க முடியாது. புருஷன் என்பவனுக்கு இதைவிட வசதியான அதிகாரம் உலகத்தில் யார் கையிலாவது இருக்கிறதா என்று தெரியவில்லை.

மேலே அவள் பலகைமேல் நின்று என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. கையையும் காட்டவில்லை. நான் ஊதினால் இறங்குவதற்கு ஏணியில் ஒரு கையை வைத்தபடி நின்றாள். சட்டம் தெரிந்தவள் அல்லவா, ஊதினால் இறங்கித்தான் இருப்பாள். தன் வாழ்நாள் வேலையை முழுசாக என் மூச்சில் விட்டுவிட்டு, அவ்வளவு அமைதியாக நிற்க அவளுக்கு முடிந்தது. கம்பியை விட்டுப் பறப்பது பெரிசா, இப்படி நிற்பது பெரிசா என்று கேட்டால் இதுதான் பெரிது என்பேன். இவள் மேலே கொண்டுபோய் வைத்திருக்கும் தைரியத்தில் கால்வாசியாவது கீழே உட்கார்ந்திருப்பவன் காட்டாவிட்டால் நான் எதற்கு ஆம்பிளை, எதற்கு பேண்ட் மாஸ்டர்?

டிரம்பெட்டை உதட்டிலிருந்து எடுத்து, அவளுக்குத் தெரியும்படி மடியில் படுக்க வைத்தேன். டிரம்ஸ்காரரைப் பார்த்துத் தலையசைத்தேன். உருட்ட ஆரம்பித்தார்.

அவள் ஏணியிலிருந்து கையை எடுத்தாள். பொடியைத் தேய்த்தாள். போனாள், வந்தாள், போனாள், விட்டாள். டிரம்ஸ் நின்றது. அவ்வளவு பெரிய கூடாரத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. அவள் சுருண்டு சுற்றுவதைப் பார்த்தேன், மலர்வதைப் பார்த்தேன். இரண்டு மணிக்கட்டுகளும் கேட்சரின் கைக்குள் போய், பட்டென்று ஒரு சத்தம் வந்ததும் கேட்டது. தோல் தோலில் அடிக்கும் அந்தச் சத்தம் மேலே எங்களுக்கு மட்டும்தான் கேட்கும். உலகத்தில் உள்ள பாட்டையெல்லாம் கொடுத்தாலும் அதற்கு ஈடு வாங்க மாட்டேன். நான்கு பேரும் ஒன்றாக அடித்தார்கள். ஐந்தாவது ஆள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்ததால் சாக்ஸபோன்காரர் காலால் எத்தினார். அதற்கப்புறம்தான் ஊதினேன். கண் மறைத்ததால் எதை ஊதினேன் என்று சொல்ல முடியாது.

ஷோ முடிந்து கூடாரத்துக்குப் பின்னால் போனேன். பெட்டிமேல் உட்கார்ந்து, தோளில் ஐஸ் கட்டிய துண்டை வைத்துக்கொண்டு, தங்கை கொண்டுவந்த பிரியாணியை இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தங்கை எதிரே நின்று வியந்துகொண்டிருந்தாள்.

"அண்ணி, அந்தப் பொய் விழறது கீதே, சூப்பர். அப்டியே நெஜமா விழுந்த மாதிரியே இருந்துச்சி. பக்கத்துல ஒரு அம்மா அழுதுட்டாங்க."

நான் அவளை அடக்கப் போனேன். என் மனைவி கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"நல்லா இருந்துச்சா?" என்று தங்கையைக் கேட்டாள்.

"முன்னல்லாம் பாத்ததவிட நல்லா இருந்துச்சி."

இவள் மெல்வதை நிறுத்தி யோசித்தாள். தங்கை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போன பிறகு, எப்படி இருக்கிறது தோள் என்று கேட்டேன்.

"வலிக்கிது. ஆனா எடத்துலதான் கீது" என்றாள். பிறகு, கேட்காமலே சொன்னாள். "இத்தினி நாளா நான் பயந்தது பறக்கிறதுக்கு இல்ல, தெரியுமா? வலைக்கு. விழுந்தா மறுபடி கழண்டுக்கும்னு. ராத்திரியெல்லாம் அதே கனா. கொஞ்சம் லேட்டா வுட்டேன், கை நழுவிச்சி, சரி போச்சின்னு நெனச்சேன். விழுந்துட்டுப் பாக்கிறேன், ஒண்ணும் ஆவல. கழண்டுக்கல. அங்கியே படுத்துனு சிரிச்சேன்யா. நீ பாக்கலியா?"

அவள் அசையாமல் கிடந்த அந்தக் கொஞ்ச நேரம் நான் செத்துக்கொண்டிருந்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாளாம். மனிதர்களை ஒரே கூரைக்குக் கீழே வைத்துக் கல்யாணமும் செய்து வைக்கிறார்கள், என்ன பயன்?

நாலு மணி ஷோ ஆரம்பித்தது. தோளுக்கு ஓய்வு வேண்டும், பெரிய கரணத்தை இந்தத் தடவை விட்டுவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். முதலாளிக்குக் காட்ட வேண்டியதைக் காட்டியாகிவிட்டதே. விடவில்லை. டிரம்ஸ் உருண்டது, நின்றது. சுருண்டாள், சுற்றினாள், மலர்ந்தாள், விரல் நுனி விரல் நுனியைத் தொட்டது. நழுவிவிட்டாள்.

விரல்களைத்தான் பார்த்தேன். விரிந்து, காற்றைப் பிறாண்டிக்கொண்டே வந்தன. நான் எழுந்து நின்றுவிட்டேன். அழுமூஞ்சி இழுப்பை சாக்ஸபோன்காரர் எனக்காக இழுத்தார். இந்தத் தடவை தயக்கம் கிடையாது, ஊதிவிடுவது என்று டிரம்பெட்டை உதட்டுக்குக் கொண்டுபோனேன். அதற்குள் அவள் வலையிலிருந்து துள்ளி எழுந்து, கூட்டத்தைப் பார்த்து முகத்தைப் பொத்திக்கொண்டு வெட்கப்படுவதுபோல் காட்டி, ஏணியில் பாதி ஏறியிருந்தாள். இரண்டு கையாலும் ஏறினாள். இரண்டாம் தடவை கேட்சர் கைக்குத் தேன்கூட்டுக்குத் தேனீ வருவது போல வந்து சேர்ந்தாள். கூரை பிய்ந்தது.

பார் விளையாட்டு முடிந்து ஜோக்கருக்குப் பென்டிரைவ் பாட்டு ஓட ஆரம்பித்ததும் மேடையிலிருந்து இறங்கி ஓடினேன். திரைக்குப் பின்னால் சால்வையைப் போர்த்திக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கேட்சர் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா ஆச்சி? மறுபடியும் லேட்டா வுட்டியா?" என்றேன்.

"ஒரு மணி ஷோவுல எப்டி விழுந்தனோ, அப்டியே விழுந்தேன். வெரல வெக்கிறது மொதக்கொண்டு. பொய்தான்யா. உன் தங்கச்சி நல்லா இருந்துச்சின்னு சொன்னாளே."

"எனக்கு நெஜம்னே தோணிச்சி. ஊதப் பாத்தேன்."

பாட்டிலைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷமும் அவள் விழுவதற்கெல்லாம் ஊதியவனை மேலும் கீழும் பார்த்தாள். ஏணியில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றபோதும் வராத கண்ணீர் அவளுக்கு அப்போது வந்தது.

"உனக்கே தெரியலியா?" என்றாள். "அப்போ நான் நல்லாத்தான் விழுந்துகீறேன்."